இரண்டு குளிசைக்கு முன் மூன்று கேள்வி

"அண்ணே, வயித்தால போறதுக்கு ரெண்டு குளிசை குடுங்க."

ஜிந்துப்பிட்டியில் காலையிலேயே திறக்கும் பார்மசிகளில் இது தினமும் கேட்கும் குரல். கேட்பவர் பெரும்பாலும் புறக்கோட்டையில் மூட்டை இறக்கும் நாட்டாமி, அல்லது செட்டியார் தெரு நகைக்கடைக்கு வேலைக்குப் போகும் பையன். கடைக்காரர் ஒரு கார்டை எடுப்பார். கத்தரிக்கோலால் இரண்டு குளிசையை வெட்டுவார். சின்னக் காகிதக் கவரில் போட்டு நீட்டுவார். யாருக்கு, எத்தனை நாளாக, காய்ச்சல் இருக்கிறதா என்று எந்தக் கேள்வியும் இருக்காது. வாங்குபவரும் எதையும் கேட்கமாட்டார். சில்லறையைக் கொடுத்து, கடைவாசலிலேயே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டுவார்.

அந்தக் குளிசை பெரும்பாலும் லொபெரமைட். வெளிநாட்டுப் பெட்டிகளில் வந்தால் இமோடியம்.

இதைப் பார்த்ததும் 'சுயவைத்தியம்' என்று தலையில் அடித்துக்கொள்வது சுலபம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நாட்கூலிக்காரருக்கு வயிற்றோட்டம் என்றால் ஒரு நாள் சம்பளம் போய்விட்டது என்று பொருள். நாலாம் குறுக்குத் தெருவில் லொறி வந்து நிற்கும்போது மணிக்கு மூன்று தடவை மலசலகூடம் தேடி ஓட முடியாது. தேடினாலும் அங்கே எத்தனை இருக்கின்றன? ஜிந்துப்பிட்டி, கொட்டாஞ்சேனையில் 'தோட்டம்' எனப்படும் நெரிசல் குடியிருப்புகளில் பல குடும்பங்களுக்கு ஒரு பொதுக் கக்கூஸ் என்ற நிலை இன்னும் முற்றாக ஒழியவில்லை. அப்படிப்பட்ட வரிசையில் விடியற்காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவருக்கு, ஓட்டத்தை நிறுத்தும் குளிசை ஆடம்பரப் பொருள் அல்ல. வளர்ந்தவர், காய்ச்சல் இல்லை, மலத்தில் இரத்தம் இல்லை, நேற்றிரவு சாப்பிட்ட ஏதோ ஒத்துக்கொள்ளவில்லை என்றால், இந்த மருந்து சரியான மருந்துதான். அளவோடு எடுத்தால் ஆபத்தும் குறைவு.

சிக்கல் அந்தக் கவரில் இருக்கிறது. நாட்டாமிக்கு வெட்டிக் கொடுத்த அதே கவர், அதே வேகத்தில், ஒன்றரை வயதுக் குழந்தையின் தாய்க்கும் போகிறது. இரத்தம் போகிறவருக்கும் போகிறது. இருதயத்துக்கு நாலு விதமான குளிசை விழுங்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் போகிறது.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். 1969இல் பெல்ஜியத்தின் ஜான்சென் ஆய்வுகூடத்தில் உருவானது லொபெரமைட். அதே ஆய்வுகூடம் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்டுபிடித்த மருந்துதான் லொமோட்டில் குளிசையில் இருப்பது. இரண்டுமே அபினுக்கு உறவு. அபின் வயிற்றைக் கட்டும் என்பது நம் பரியாரிமார் நெடுங்காலம் அறிந்த விஷயம். குடலின் சுவரில் உள்ள நரம்புவலையில் அபின் வகை மருந்துகள் போய் ஒட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. அங்கே ஒட்டியதும் குடலின் அலையசைவு தளர்கிறது. உள்ளே இருப்பது மெதுவாக நகர்வதால் நீர் உறிஞ்சப்பட நேரம் கிடைக்கிறது. ஆசனவாய்த் தசையும் இறுகுகிறது. அபினைப்போல மூளையைப் போதைப்படுத்தாததற்குக் காரணம், மூளைக்குள் நுழையப் பார்க்கும் லொபெரமைட்டை வெளியே தள்ளிவிடும் ஒரு புரதம் நம் உடலில் காவல் நிற்பதுதான். வழக்கமான அளவில் அந்தக் காவல் போதும்.

கவனிக்க வேண்டியவை, இந்தப் பட்டியலில் இல்லாதவை. கிருமியைக் கொல்வது இதில் இல்லை. இழந்த உப்பையும் நீரையும் திருப்பிக் கொடுப்பதும் இல்லை. வயிற்றோட்டத்தில் மனிதர் சாவது ஓட்டத்தால் அல்ல, உடல் வற்றிப்போவதால்.

வற்றிச் சாவதைப் பற்றிக் கொழும்புத் தமிழருக்குச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆடிமாதத்தில் செட்டியார் தெருக் கதிரேசன் கோயிலிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேல் போகிறதே, அந்த விழாவே கொலரா தந்ததுதான். கொலரா பரவுகிறது என்று கதிர்காம யாத்திரையை அரசு தடுத்ததும், அங்கே போக முடியாமற்போன கொழும்பு அடியார்கள் 1874இல் இங்கேயே ஆடிவேல் எடுக்கத் தொடங்கினார்கள் என்பது ஊரறிந்த வரலாறு. தேரைப் பார்க்கத் தெருவோரம் நிற்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியுமோ! அதன்பிறகு லபுகமவிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது, நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்கள் வந்தன. இலங்கையில் கடைசியாகக் கொலரா பதிவானது 2003இல். பெரிய வெற்றிதான். ஆனால் கொலரா போன வழியிலேயே வயிற்றுளைச்சலும் உணவு நஞ்சாதலும் போய்விடவில்லை. 2016 மே வெள்ளம்போலக் களனி கங்கை பெருகும் காலங்களிலும், பழைய குழாய்கள் வெடிக்கும் இடங்களிலும் அவை தலைகாட்டுகின்றன.

வற்றுவதற்கு மருந்து 'ஜீவனி'. இரத்மலானையில் அரச மருந்து உற்பத்திக் கூட்டுத்தாபனம் தயாரிக்கும் அந்தப் பக்கெட்டைத் தெரியாத இலங்கையர் இல்லை. தெரிந்தவர்கள் அனைவரும் அதை மதிக்கிறார்களா என்பது வேறு கதை. 1971இல் வங்காளதேசப் போரின்போது எல்லையோரப் பொங்காவ் அகதி முகாமில் கொலரா மூண்டது. நரம்பில் ஏற்றும் சேலைன் தீர்ந்துபோக, திலீப் மகலானபிஸ் என்ற இளம் வைத்தியர் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்துக் குடிக்க வைத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு, நான்குக்கும் கீழே இறங்கியது. சீனிச்சத்து குடலின் சுவரைக் கடக்கும்போது உப்பையும் கையோடு இழுத்துக்கொண்டு போகிறது. உப்பின் பின்னால் நீர் போகிறது. கொலராவிலும் இந்த வழி அடைபடுவதில்லை. சூத்திரம் அவ்வளவுதான். இன்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ், 2.6 கிராம் கறியுப்பு, 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைட், 2.9 கிராம் சிட்ரேட். நாலு சாமான்.

பிறகு ஏன் தாய்மார் ஜீவனியை நம்புவதில்லை? காரணம் எளிது. ஜீவனி ஓட்டத்தை நிறுத்தாது. பிள்ளைக்குக் கரைத்துக் கொடுத்த பிறகும் பிள்ளை இன்னும் நாலு தடவை போகும். 'கொடுத்தும் சரிவரல்லையே' என்று தாய் நினைப்பாள். குளிசை கொடுத்தால் நின்றுவிடும். 'நல்ல மருந்து' என்பாள். நாம் எல்லோரும் எண்ணுவது எத்தனை தடவை போனது என்பதை. எண்ண வேண்டியது எத்தனை தடவை சிறுநீர் கழித்தது என்பதை. ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் இல்லை, கண் உள்ளே போய்விட்டது, அழுதால் கண்ணீர் வரவில்லை, சோர்ந்து கிடக்கிறது என்றால், ஓட்டம் நின்றிருந்தாலும் அந்தப் பிள்ளை ஆபத்தில்தான் இருக்கிறது. பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு முச்சக்கர வண்டி பிடிக்க வேண்டிய நேரம் அது.

ஜீவனியைக் கரைப்பதிலும் ஒரு தவறு பரவலாக நடக்கிறது. முழுப் பக்கெட்டையும் ஒரேயடியாகக் கரைத்தால் வீணாகும் என்று, ஒரு கிளாஸ் தண்ணீரில் குத்துமதிப்பாகக் கொஞ்சம் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு கூடிப்போனால் குழந்தைக்கு அதுவே கெடுதல். பக்கெட்டில் சொன்ன அளவு, பொதுவாக ஒரு லீற்றர், கொதித்தாறிய தண்ணீரில் முழுவதையும் கரைத்து, ஒரு நாளுக்குள் முடிக்காததைக் கொட்டிவிட வேண்டும். சிறுவருக்கு இதோடு பத்துப் பதினான்கு நாள் துத்தநாகக் குளிசை கொடுக்கச் சொல்லி 2004இல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் கூட்டாகவே பரிந்துரைத்தன. அதை எந்தப் பார்மசியிலும் யாரும் தானாகக் கேட்டு நான் கண்டதில்லை. தெம்பிலி, கஞ்சித் தண்ணி எல்லாம் நல்லது, ஆனால் கடும் வயிற்றோட்டத்தில் ஜீவனியின் இடத்தை அவை பிடிக்கா. தாய்ப்பாலை எந்த நிலையிலும் நிறுத்தக்கூடாது. 'வயிறு ஓய்வெடுக்கட்டும்' என்று பிள்ளையைப் பட்டினி போடும் ஆச்சிமாரோடு இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சண்டை பிடிக்கலாம்.

குழந்தைகளுக்கு லொபெரமைட் ஏன் கூடாது என்பதற்கு நம் அயலிலேயே கசப்பான சாட்சி உண்டு. எண்பதுகளில் பாகிஸ்தானில் இந்த மருந்து குழந்தைகளுக்கான சொட்டுமருந்தாக விற்கப்பட்டது. பெல்ஜியத்தில் பெரியவர்களுக்கு உதவியது கராச்சியில் கைக்குழந்தைக்கும் உதவும் என்ற கணக்கு. குடல் அசைவற்றுச் செயலிழந்து, வயிறு உப்பிக் குழந்தைகள் வைத்தியசாலைக்கு வந்தன, சில இறந்தன. அங்குள்ள வைத்தியர்கள் குரல் எழுப்பினார்கள், பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்று அதைப் படமாக்கியது. 1990இல் பாகிஸ்தான் குழந்தைகளுக்கான லொபெரமைட் வடிவங்களைத் தடைசெய்தது. கம்பனியும் வளர்முக நாடுகளில் சொட்டுமருந்தைத் திரும்பப் பெற்றது. 2007இல் பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, லொபெரமைட் கொடுத்த 900க்கு மேற்பட்ட சிறுவரில் 8 பேருக்குக் குடல் செயலிழப்பு, கடும் சோர்வு, மரணம் போன்ற பாரதூரமான விளைவு தெரிந்தது. வெற்று மருந்து கொடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. அந்த எட்டுப் பேரும் மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள். இரண்டு வயதுக்குக் கீழே இந்த மருந்து அறவே கூடாது என்பது அமெரிக்க அறிவுறுத்தல். பிரித்தானியாவில் பன்னிரண்டு வயதுக்குக் கீழே வைத்தியர் சொல்லாமல் கடையில் விற்கக்கூடாது. இங்கே, 'பெரியவருக்கு ஒன்று என்றால் பிள்ளைக்குப் பாதி' என்று குளிசையை உடைத்துக் கொடுக்கும் வழக்கம் போகவில்லை.

இரத்தம் போகிறவருக்கு இது ஏன் ஆகாது? சிகெல்லா போன்ற கிருமிகள் குடலின் சுவரையே அரிக்கின்றன. அந்த நேரத்தில் வயிற்றோட்டம் உடல் தன் எதிரியை வெளியேற்றும் வழி. அதை மறிப்பது, வீட்டுக்குள் தண்ணீர் ஏறும்போது வடிகானின் வாயை மூடுவதைப் போன்றது. 1973இல் அமெரிக்காவில் சிகெல்லா தொற்றியவர்களிடம் லொமோட்டிலைப் பரிசோதித்தபோது, அதை எடுத்தவர்களுக்குக் காய்ச்சல் நீண்டது. கிருமி உடலை விட்டுப் போகவும் தாமதமானது. லொபெரமைட்டுக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

இரத்தம் போவது அந்த ஒருவருடைய பிரச்சினை மட்டும் அல்ல. வயிற்றுளைச்சல் இலங்கையில் அறிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இருக்கிறது. வைத்தியர் கண்டால் சுகாதார அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வந்து தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், கக்கூஸ் எங்கே என்று பார்ப்பார். தொற்றுநோயியல் பிரிவின் வாராந்த அறிக்கையில் அது ஓர் எண்ணாக ஏறும். தோட்டத்தில் நாலு வீட்டில் இரத்தம் போகிறது, நாலு வீட்டாரும் குளிசை வாங்கி நிறுத்திவிட்டார்கள் என்றால் அந்த எண் ஏறாது, பி.எச்.ஐ. வரமாட்டார், குழாய் உடைந்திருப்பதும் தெரியாது. ஏழைகளின் குடியிருப்பில் நோய் குறைவாகப் பதிவாவதற்கு இப்படியும் ஒரு காரணம் இருக்கலாம் என்பது என் ஊகம்.

காய்ச்சலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கொழும்பு டெங்கு ஊர். டெங்கிலும் வாந்தி, வயிற்றோட்டம் வரும். காய்ச்சலோடு வயிற்றால் போகிறவர் ஓட்டத்தை அடக்கிவிட்டு வேலைக்குப் போவது, இரண்டு நாள் கழித்து எழும்ப முடியாமல் கிடப்பதில் முடியலாம். காய்ச்சல் என்றால் இரத்தப் பரிசோதனை, குளிசை அல்ல.

காலி வீதி வழியே தெற்கே வெள்ளவத்தைக்குப் போனால் காட்சி வேறு. அங்கே "தம்பி, வயித்தாலை போறதுக்கு ஏதும் தாங்கோ" என்று கேட்பது குறைவு. குளிசை வீட்டிலேயே இருக்கிறது. டொரொண்டோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கலியாணத்துக்கு வரும் பிள்ளைகள் 'இந்த ஊர்த் தண்ணி ஒத்துவராது' என்று இமோடியம் பெட்டியோடு இறங்குகிறார்கள். திரும்பிப் போகும்போது மிச்சத்தை அம்மாவின் மேசை லாச்சியில் விட்டுச் செல்கிறார்கள், பாதி வாசனைத் திரவியத்தையும் சொக்லேட்டையும் விட்டுச் செல்வதைப்போல. தனியே இருக்கும் முதியவருக்கு வயிற்றால் போனால் மகளுக்கு வாட்ஸ்அப் போகும். "அதில ரெண்டைப் போடுங்கோ அம்மா" என்ற வைத்தியம் கடல் கடந்து வரும். அம்மா ஏற்கெனவே என்னென்ன குளிசை எடுக்கிறார் என்று மகளுக்கும் முழுதாகத் தெரியாது.

இங்கேதான் லொபெரமைட்டின் இன்னொரு முகம் வருகிறது. 2016இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரித்தது: மிகையான அளவில் எடுத்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகி மரணம் நேரலாம். அங்கே போதைக்கு அடிமையானவர்கள் வேறு வழியில்லாமல் ஐம்பது, நூறு என்று இதை விழுங்கத் தொடங்கியிருந்தார்கள். மூளையின் அந்தக் காவலை அளவால் உடைக்கப் பார்த்தார்கள். மூளைக்கு முன் இருதயம் உடைந்தது. நம் முதியவர் யாரும் நூறு குளிசை விழுங்கப்போவதில்லை. ஆனால் கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின் போன்ற அன்டிபயோடிக்குகளும், சில பங்கசு மருந்துகளும் லொபெரமைட் உடலில் சிதைவதைத் தடுத்து இரத்தத்தில் அதன் அளவைக் கூட்டிவிடும். துடிப்பு ஒழுங்கில்லாமைக்கு மருந்து எடுப்பவருக்கு இது விளையாட்டல்ல. வைத்தியர் சொல்லாமல் ஒரு நாளைக்கு 8 மில்லிகிராமுக்கு மேல், அதாவது நாலு குளிசைக்கு மேல் வேண்டாம் என்கிறது அமெரிக்க அளவு. இரண்டு நாளில் நிற்காவிட்டால் குளிசையை விட்டுவிட்டு வைத்தியரிடம் போக வேண்டும். நீண்டகாலக் குடல் நோய்க்கு வைத்தியரின் கண்காணிப்பில் மாதக்கணக்கில் இதை எடுப்பவர்கள் உண்டு. அவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்த வேண்டாம்.

2019இல் அமெரிக்கா ஒரு பெட்டியில் 48 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது, ஒவ்வொரு குளிசையும் தனித்தனிக் குமிழியில் அடைபட்டிருக்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தது. நம்முடைய கத்தரிக்கோல் அந்தப் பக்கமாகப் போகவில்லை. கார்டை வெட்டும்போது மருந்தின் பெயர் ஒரு துண்டிலும், காலாவதித் திகதி இன்னொரு துண்டிலும் போய்விடுகிறது. எச்சரிக்கை அச்சிட்ட தாள் பெட்டியோடு கடையிலேயே தங்கிவிடுகிறது. கையில் வருவது பெயரில்லாத வெள்ளைக் குளிசை. இரண்டாவதைச் சட்டைப்பையில் வைத்தவர் அடுத்த மாதம் அதைப் பிள்ளைக்குக் கொடுத்தால், அது பனடோலா வேறு ஏதாவதா என்று எதைப் பார்த்துச் சொல்வார்? தாள் முழுதாகக் கிடைத்திருந்தாலும் பெரும்பாலும் ஆங்கிலம்.

இதைவிட மோசமானது 'செட்'. வயிற்றோட்டம் என்றதும் ஒரு லொபெரமைட், ஒரு மெட்ரோனிடசோல், ஒரு சிப்ரோ என்று சேர்த்துக் கட்டிக் கொடுக்கும் கடைகள் இல்லாமல் இல்லை. பெரும்பாலான வயிற்றோட்டம் வைரசாலோ உணவில் கலந்த நஞ்சாலோ வருவது. அன்டிபயோடிக் அங்கே எதையும் வெட்டி முறிக்காது. இரண்டு வேளை தின்றுவிட்டு நிறுத்தும் அரைகுறை அன்டிபயோடிக், அடுத்த தடவை உண்மையில் தேவைப்படும்போது வேலை செய்யாமல் போகலாம்.

தடை செய்யலாமா? வேண்டாம் என்றுதான் சொல்வேன். லொபெரமைட்டை வைத்தியரின் துண்டுக்குள் அடைத்தால், நாட்டாமி துண்டுக்காக ஓ.பி.டி. வரிசையில் அரைநாள் நிற்கமாட்டார். அடுத்த கடையில் சிப்ரோ வாங்குவார். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே காட்டிய வழியில் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தை உருவாக்கிய நாடு இது. அவர் சொன்னதன் சாரம், மருந்து மலிவாக, அதன் சொந்தப் பெயரோடு, தேவைப்படுகிறவர் கைக்குப் போக வேண்டும் என்பது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு கார்டாக வாங்கியவர்கள்கூட எண்ணி வாங்குகிறார்கள். சில்லறை விற்பனையை நிறுத்துவது ஏழையின் கையைத்தான் வெட்டும்.

வேண்டியது அந்தக் கவரில் அச்சு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபைக்கு இது கைக்கெட்டாத வேலை அல்ல. வெட்டிக் கொடுக்கும் லொபெரமைட் தனி நிறக் கவரில் போக வேண்டும். தமிழிலும் சிங்களத்திலும் மருந்தின் பெயர், காலாவதித் திகதி எழுத இடம், கீழே மூன்று வரி: சிறுவருக்குக் கொடுக்க வேண்டாம். இரத்தமோ காய்ச்சலோ இருந்தால் எடுக்க வேண்டாம். நாளைக்கு நாலுக்கு மேல், இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். கவரை நீட்டும் முன் கடைக்காரர் கேட்க வேண்டியதும் மூன்றுதான். யாருக்கு? காய்ச்சல், இரத்தம் இருக்கா? வேறு என்ன மருந்து எடுக்கிறீங்க? இரண்டாவதற்கு 'ஓம்' என்றால் குளிசை இல்லை. முதலாவதற்குப் 'பிள்ளைக்கு' என்றால் ஜீவனி மட்டும். பெரியவருக்குக் குளிசை கொடுத்தாலும் ஜீவனியை எடுத்துப் பக்கத்தில் வைக்கட்டும். வாங்காவிட்டால் போகட்டும், வைத்துக் காட்டட்டும்.

காலைக் கூட்டத்தில் கேள்வி கேட்க நேரமில்லை என்று கடைக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். சொன்னபடியே, வரிசையில் நின்றவருக்கு இரண்டு வகை ஷாம்பு சஷேயின் விலை வித்தியாசத்தை நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

கடையைத் தாண்டியும் ஒரு கேள்வி மிச்சம். ஒரு தோட்டத்துக்கு எத்தனை மலசலகூடம், புறக்கோட்டைச் சுமைதொழிலாளிக்கு எங்கே கழிப்பறை, ஒரு நாள் வயிற்றால் போனால் சம்பளம் என்ன ஆகும் என்பவை பார்மசிக்காரர் பதில் சொல்லக்கூடிய விஷயங்கள் அல்ல. அவற்றைக் கொழும்பு மாநகர சபையிடமும் தொழில் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும். வாக்குக் கேட்டு ஜிந்துப்பிட்டி முடுக்குகளுக்குள் வருகிறவர்களிடம், கை கூப்புவதற்கு முன்னரே கேட்டுவிடலாம்.